கட்டுப்படி

மஞ்சக்குப்பம் வங்கிக் கிளையில்
ஃபெலிசியா மேடம் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்:
"இருபத்தெட்டு லட்சம் வரைக்கும்
உங்க ரெண்டு பேருக்கும் தகுதி இருக்கு."

தகுதி.
பள்ளிக்கூடத்தில்கூட எங்களைப் பார்த்து
அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.
வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம், ஐஸ் போட்டு.
இவர் மூன்று படுக்கையறை என்றார்.
நான் பால்கனி என்றேன்.
வண்டி செம்மண்டலம் தாண்டுவதற்குள்
பால்கனிக்கு ஓர் ஊஞ்சலும் வந்துவிட்டது.

மாதம் இருபத்து நாலாயிரத்து முந்நூறு.
இருபது வருடம்.
கேஸ் ரசீதின் பின்பக்கம்
இவருடைய சிப்காட் சம்பளத்தையும்
என் ஆய்வகச் சம்பளத்தையும் கூட்டி
மளிகையைக் கழித்து
பள்ளிக்கூட வேனைக் கழித்து
கழிக்கக் கழிக்க
பென்சில் மொட்டையானது.

"கட்டிப் பார்ப்போமா?" என்றேன்.
வீட்டைச் சொல்லவில்லை. தவணையை.

தை மாதத்திலிருந்து
இல்லாத வீட்டுக்குத் தவணை கட்டினோம்.
வாடகைக்கு மேல் பதினையாயிரத்து எண்ணூறு
ஐந்தாம் தேதி காலையிலேயே
வேறொரு கணக்குக்குப் போய்விடும்.
தொடக்கூடாது. அது பேங்க் பணம்.
அப்படித்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தை போயிற்று. மாசி போயிற்று.
பங்குனியில் இவர் அக்கா மகளுக்குக் காதுகுத்து,
தாய்மாமன் மடி சும்மா போகுமா.
சித்திரையில் பராமரிப்பு என்று
ஆலையை இருபது நாள் மூடினார்கள்.
ஓவர்டைம் இல்லை.
முதுநகர் மீன் சந்தையில்
சங்கரா விலை கேட்ட வாய்
மத்தி கேட்கப் பழகியது.
மத்தியும் நல்ல மீன்தான்.
ஆனாலும் கூடையை நீட்டும்போது
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூன் கடைசியில் பாஸ்புக்கை அச்சடித்து வந்தேன்.
பன்னிரண்டாம் தேதி, எடுப்பு, நாலாயிரம்.
அது நான். நிறைமதியின் பல்லுக்கு.
பத்தொன்பதாம் தேதி, எடுப்பு, மூவாயிரம்.
அது நான் இல்லை.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.
இவர் தன் வரியைப் பார்த்தார்.
அப்புறம் என் வரியையும் பார்த்தார்.
"வண்டிக்கு டயர்," என்றார்.
"பல்," என்றேன்.
இன்னும் வாசக்கால் வைக்காத வீட்டில்
இரண்டு திருடர்கள்.
சிரித்துச் சிரித்து இவருக்கு விக்கல் எடுத்தது.
தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன்,
"பதினெட்டு."
விக்கலோடு தலையாட்டினார்.

வரைபடத்தில் ஓர் அறையை அடித்தோம்.
பால்கனியை நானே அடித்தேன்,
ஊஞ்சல் அதோடு போயிற்று.
மேஸ்திரி கலியபெருமாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை:
"பேஸ்மட்டத்துல ரெண்டடி கொறைச்சா
ஒரு ரூம்பு திரும்ப வந்துடும்மா."
பக்கத்து வீட்டுச் சுவரில்
கெடிலம் வந்துபோன கோடு
என் இடுப்புக்கு இருந்தது.
"கொறைக்க வேணாம்."
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம்.
"அப்ப மேல கம்பி நீட்டி விட்டுடறேன்,
வசதி வரும்போது ஏத்திக்கங்க."

கம்பி நீட்டிவிட்டான் என்று
கடனுக்குப் பயந்து ஓடியவனைத்தான்
இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொட்டைமாடியின் நாலு மூலையிலும்
இப்போது கம்பி நிற்கிறது.
உப்புக்காற்று தின்றுவிடாமல்
சிமெண்ட் பால் பூசியிருக்கிறோம்.
இரண்டு மூலைக்கு நடுவே துணிக்கொடி.
"மேல் ரூம் எப்பம்மா?" என்கிறாள் நிறைமதி.
சீருடை இன்னும் காயவில்லை,
அப்புறம் வா என்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை.
கீழே குழாயடியில்
இவர் சங்கரா ஆய்ந்துகொண்டிருக்கிறார்.